6 இலட்சத்துக்குள் பேஸ்லைன் ஆய்வு: ஆலோசகரிடம் எதைக் கொடுப்பது, அமைப்பே எதைச் செய்வது? (மூதூர், வெருகல்)

#1 கங்கைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், வெருகல் பிரதேச செயலகப் பிரிவுகளில் 5 கிராமங்களில் வேலை செய்கிற மாதர் அமைப்பு எங்களுடையது. 3 வருட வாழ்வாதாரத் திட்டம் ஒன்று அனுமதியாகியிருக்கிறது: கருவாடு பதனிடல், ஆடு வளர்ப்பு, வீட்டுத்தோட்டம். மொத்தம் 620 குடும்பம். முதல் வருடம் 3 கிராமத்தில் 360 குடும்பம், இரண்டாம் வருடம் மிச்ச 2 கிராமத்தில் 260.

டோனர் (நிதி தருகிறவர்கள்) 45 நாளுக்குள் பேஸ்லைன் அறிக்கை (திட்டம் தொடங்க முதல் குடும்பங்களின் நிலையைப் பதிகிற அறிக்கை) கேட்கிறார்கள். ஒதுக்கியிருப்பது 6 இலட்சம் ரூபா. இரண்டு விலைமனு வந்திருக்கிறது: ஒன்று 11 இலட்சம், மற்றது 4½ இலட்சம். எத்தனை வீடு பார்ப்பார்கள், களத்துக்கு யார் வருவார்கள் என்ற விபரம் இரண்டிலும் இல்லை. வேலையை எப்படிப் பிரிப்பது, எத்தனை குடும்பம் பார்த்தால் போதும், டீஓஆரில் (ஆலோசகருக்கான பணி விபரம்) கட்டாயம் எழுத வேண்டியது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. பெப்ரவரி நடுவில் களத்துக்கு இறங்க யோசனை.

#2 சோளகம்

அக்கா, விலைமனுவில் விபரம் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் டீஓஆரில்தான் இருக்கும். "பயனாளிகளின் சமூக பொருளாதார நிலையை ஆராய்தல்" என்று ஒரு வரி போட்டு அனுப்பினால் ஒருவர் 100 வீட்டுக்கு விலை போடுவார், மற்றவர் 600 வீட்டுக்குப் போடுவார். இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை.

டீஓஆர் எழுத முதல் ஒரு தாளில் இதை எழுதுங்கோ: அறிக்கை கைக்கு வந்த பிறகு அமைப்பு என்னென்ன முடிவு எடுக்கப்போகுது? ஆடு யாருக்கு, கருவாட்டுக் காயவைக்கும் தட்டு யாருக்கு, கடனில் மூழ்கியிருக்கிற குடும்பத்துக்கு முதலில் என்ன செய்வது, இப்படி. ஐந்து முடிவுக்கு மேல் போனால் உங்கள் காசுக்கு அடங்காது. பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் என்ன தகவல் வேணும், அது ஏற்கனவே யாரிடமாவது இருக்கா என்று பாருங்கோ. கிராம உத்தியோகத்தர், குடும்ப நல உத்தியோகத்தர், மீன்பிடிப் பரிசோதகர் ஆகியோரிடம் பதிவில் இருக்கிற எண்ணிக்கைகளைத் திரும்ப வீடு வீடாகக் கேட்கத் தேவையில்லை. பிரிவுவாரியான விபரம் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூலில் கிடைக்கும். ஏதாவது ஒரு திணைக்களம் வாயால் கேட்டுத் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கோ. ஆனால் முடிவு சொல்லவே அவர்களுக்கு 14 வேலை நாள் இருக்கிறது, அதன் பிறகு தகவலைத் தர இன்னும் 14 நாள். 45 நாள் கணக்கில் முதல் நாளே விண்ணப்பம் போகாவிட்டால் பயனில்லை.

டீஓஆரில் எண்ணாக நிற்க வேண்டியவை: வீடுகளின் எண்ணிக்கை, குழுக் கலந்துரையாடல்களின் எண்ணிக்கை, ஆலோசகர் நேரடியாகக் களத்தில் நிற்கும் நாள், அறிக்கையின் பக்க எல்லை (25 போதும்), கிராமத்துக்குத் திருப்பிக் கொடுக்க 4 பக்கத் தமிழ்ச் சுருக்கம். யார் பெயரைப் போட்டு விலைமனு தருகிறார்களோ அவரே வர வேண்டும், அமைப்பின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வேலையை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது என்றும் எழுதுங்கோ. பெரிய பெயரைக் காட்டி எடுத்து, களத்துக்கு அனுபவமில்லாத ஒருவரை அனுப்புகிற பழக்கத்தை அந்த ஒரு வரிதான் தடுக்கும்.

கொடுப்பனவை வேலைப்பொருளோடு கட்டுங்கோ. ஆரம்ப அறிக்கையும் (ஆய்வை எப்படிச் செய்வார் என்ற திட்டம்) வினாக்கொத்தும் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் 20 வீதம், துப்புரவாக்கிய தரவு கைக்கு வந்ததும் 40, இறுதி அறிக்கைக்கு 40. கையெழுத்து வைத்த அன்றே பாதிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

#3 பட்டினமும் சூழலும்

எண்ணிக்கைக்கு வருவோம். பெரிய சனத்தொகைக்கு 95 வீத நம்பிக்கை, 5 வீத வழு (நூறில் 95 தடவை விடை உண்மையிலிருந்து 5 வீதத்துக்குள் நிற்கும்) என்று வைத்தால் 384 வீடு வரும். எல்லாரும் அந்த 384 ஐயே எழுதுகிறார்கள், ஆனால் உங்களிடம் இருப்பது 620 தான். திருத்தம் செய்தால்: 384 ஐ, 1 + (383 ÷ 620) ஆல் வகுக்க வேண்டும். 238 வரும். வீட்டில் ஆளில்லை, மறுத்துவிட்டார்கள் என்று 10 வீதம் போகும் என எடுத்தால் 238 ÷ 0.9 = 265. இந்த 265 ஐ ஐந்து கிராமத்துக்கும் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரியுங்கள்.

பெயர்ப் பட்டியலை முதலில் துப்புரவாக்குங்கள். ஒரே குடும்பம் இரண்டு பெயரில் இருக்கும், மத்திய கிழக்குக்குப் போனவர் பெயர் இருக்கும், இடம் மாறிப் போனவர் இருப்பார். கிராம உத்தியோகத்தரோடும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடும் அரை நாள் இருந்தால் ஒரு கிராமம் முடிந்துவிடும். பிறகு எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் எழுமாற்று எண் கொடுத்து, வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான அளவை எடுங்கள். தலைவி கையால் தெரிவு செய்யக் கூடாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான் அப்போது பட்டியலுக்குள் வருவார்கள், வராத வீடுகளில்தான் கஷ்டம் அதிகம்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவது பிழை. அந்த 10 வீதம் அதற்காகத்தான் ஏற்கனவே கூட்டப்பட்டது. மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில் போங்கள். பகலில் கூலிக்குப் போகிற பெண்ணைப் பின்னேரம் 5 மணிக்குத்தான் பிடிக்கலாம். அவரை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவரை எடுத்தால் உழைக்கிற பெண்கள் உங்கள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

#4 கங்கைக்கரை

நன்றி அண்ணை. 620 ஐயும் பார்த்தால் சண்டை சச்சரவு இல்லையே என்று எங்கள் நிர்வாகக் குழு சொல்கிறது. "அந்த வீட்டுக்குப் போனீர்கள், என் வீட்டுக்கு ஏன் வரேல்லை" என்று கேட்பார்கள்.

#5 பட்டினமும் சூழலும்

இரண்டு வேலையைக் கலக்கிறீர்கள், தங்கச்சி. 620 குடும்பத்தையும் பதிவு செய்யத்தான் வேண்டும், ஆனால் அது ஒரு பக்கப் பதிவுப் படிவம்: குடும்பத்தில் எத்தனை பேர், யார் உழைக்கிறார், காணி, கால்நடை, தொழில். பத்து நிமிடம். அதை உங்கள் கிராமத் தொண்டர்களே செய்யலாம், ஆலோசகர் தேவையில்லை. ஆழமான வினாக்கொத்துத்தான் 265 பேருக்கு. பதிவுக்கு எல்லார் வீட்டுக்கும் போனபடியால் அந்தக் கேள்வியும் எழாது. ஆய்வில் வருகிறதுக்கும் உதவி கிடைக்கிறதுக்கும் தொடர்பில்லை என்று கிராமக் கூட்டத்தில் முதலே சொல்லிவிடுங்கள்.

#6 மூதூர்ப் பாலம்

களத்தைப் பற்றி. பிரதேச செயலாளருக்குக் கடிதம், பிரதி கிராம உத்தியோகத்தருக்கு. கடிதத்தோடு வினாக்கொத்தையும் சேகரிப்பாளர்களின் பெயர்ப் பட்டியலையும் இணையுங்க. அது இல்லாமல் கிராமத்துக்குள் போன் வைத்துக்கொண்டு ஐந்து பேர் திரிந்தால் இரண்டாம் நாளே விசாரிப்பு வரும். உங்கட பதிவுச் சான்றிதழின் பிரதியும் கையில் இருக்கட்டும்.

சேகரிப்பாளர்கள் பெண்களாக இருப்பது நல்லது. ஆனால் அதே கிராமத்துப் பிள்ளையை அதே கிராமத்தில் போடாதீங்க. கடனைப் பற்றி அயல் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவர்களையும் உங்கட தொண்டர்களையும் கலந்து எடுத்து, கிராமத்தை மாற்றிப் போடுங்க. உங்கட பட்டியலில் நோன்பு பிடிக்கிற குடும்பங்கள் இருந்தால் அந்த மாதத் திகதியையும் பார்த்துக்கங்க, அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில் அடுப்படியில் நிற்கிற பெண்ணை நாற்பது நிமிசம் மறிச்சு வைக்கக் கூடாது.

கேள்வி கேட்கிற முறை: "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் உதவித் திட்டம் வருகுது என்று குறைத்துத்தான் சொல்லுவாங்க. தொழில் தொழிலாகக் கேளுங்க. கருவாடு என்றால் கடந்த 7 நாளில் எத்தனை கிலோ, என்ன விலைக்கு, யாருக்கு. நெல் என்றால் கடந்த போகத்தில் எத்தனை மூடை, உங்கட ஊர் மூடை எத்தனை கிலோ. அலகைத் தனிக் கட்டத்தில் எழுத வேணும், களத்திலேயே கிலோவாக்கச் சொல்லாதீங்க. செலவுக் கணக்கு வருமானத்தை விட உண்மைக்குக் கிட்ட வரும். கடனை ஒரே கேள்வியில் கேட்காதீங்க. வங்கி, நுண்கடன் கம்பனி, கடைக்கடன், நகை அடகு, சீட்டு, படகு முதலாளியிடம் வாங்கிய முற்பணம் என்று ஒவ்வொன்றாக வாசித்தால்தான் வெளியில் வரும். படகு முதலாளியிடம் வாங்கியதைப் பலர் கடன் என்றே நினைக்கிறதில்லை, ஆனால் மீனை அவருக்கே, அவர் சொல்லுற விலைக்குக் கொடுக்க வேண்டி வாறது அதனால்தான். கருவாட்டுத் திட்டம் தோற்கிறதும் அந்த இடத்தில்தான்.

காணாமல் போனவர்கள், யுத்த கால இழப்பு பற்றிய கேள்விகளை இந்த வினாக்கொத்தில் போட வேண்டாம். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்றால் அந்தப் பேச்சு தானாகவே வரும். பயிற்சியில் அதற்குத் தயார் பண்ணுங்க: போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கணும், குறிப்பெடுக்கக் கூடாது, எங்கே உதவி கேட்கலாம் என்று அச்சடித்த துண்டு ஒன்றைக் கொடுக்கணும்.

#7 நிலாவெளி வாசி

உணவு நுகர்வுப் புள்ளி (எஃப்சிஎஸ்) கேட்பார்கள் என்று நினைக்கிறேன், டோனர் படிவங்களில் அது வழமை. கடந்த 7 நாளில் எந்த உணவு வகையை எத்தனை நாள் உண்டார்கள் என்று எடுத்து நிறை கொடுப்பது: சோறு, மா, கிழங்கு 2, பருப்பு வகை 3, மரக்கறி 1, பழம் 1, மீன் இறைச்சி முட்டை 4, பால் 4, எண்ணெய் 0.5, சீனி 0.5.

எங்கள் பக்கத்தில் இது பிழைக்கிற இடம் இரண்டு. பால்தேநீரில் கலக்கிற பால்மாவைப் பால் என்று பதிந்தால் 7 நாள் × 4 = 28 புள்ளி சும்மா கூடிவிடும். சம்பலுக்குள் போட்ட மாசித்துண்டை மீன் என்று பதிந்தாலும் அப்படித்தான். சுவைக்குச் சேர்க்கிற அளவு கணக்கில் வராது. பட்டினி கிடக்கிற வீடு இந்த இரண்டு பிழையாலும் "போதுமான" வகைக்குள் போய்விடும், உதவியும் கிடைக்காது. பயிற்சியில் அரை மணித்தியாலம் இதற்கே ஒதுக்குங்கள். எல்லைக்கோடு 21/35 ஒன்று (21 வரை மோசம், 35 வரை எல்லைநிலை, அதற்கு மேல் போதுமானது), எண்ணெயும் சீனியும் அன்றாடம் உண்கிற இடங்களுக்கு 28/42 இன்னொன்று. எதை எடுக்கிறீர்கள் என்று ஆரம்ப அறிக்கையிலேயே எழுதி, இறுதி ஆய்விலும் அதையே வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண மாற்றுத்திறன் புள்ளிவிபரத்துக்கான சர்வதேசக் குழுவான வொஷிங்டன் குழுவின் 6 கேள்விகள் போதும் (பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம், சுயபராமரிப்பு, தொடர்பாடல்). "வீட்டில் ஊனமுற்றவர் இருக்கிறாரா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

#8 உப்பாறு

வினாக்கொத்தைக் கோபோ டூல்பொக்ஸில் (போனில் தரவு சேகரிக்கிற மென்பொருள்) போடுங்கோ. கணக்கு இலவசமாகத் திறக்கலாம், அன்ட்ரொயிட் போனில் சிக்னல் இல்லாமலும் ஓடும், வெருகல் பக்கத்தில் அது தேவைப்படும். இரவில் வந்து அனுப்பலாம்.

கவனிக்க வேண்டியவை. அலுவலகக் கணினியில் பாமினியில் (பழைய தமிழ் எழுத்துரு) தட்டிய கேள்விகளை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், யுனிகோடுக்கு மாற்றி ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பாருங்கோ. மாற்றியில் கொம்பும் புள்ளியும் இடம்மாறும். ஒவ்வொரு கேள்விக்கும் கொடுக்கிற உட்பெயரைக் களவேலை தொடங்கின பிறகு மாற்றக் கூடாது, மாற்றினால் அதே கேள்வியின் பதில் இரண்டு நிரலாகப் பிரியும். தரவை இறக்கிச் சிஎஸ்வி கோப்பை நேரே இரட்டைக் கிளிக் பண்ணித் திறந்தால் தமிழ் உடையும். எக்செலின் தரவு இறக்குமதி வழியாக 65001 யூடிஎஃப்-8 என்று தெரிந்து திறவுங்கோ.

ஒவ்வொரு இரவும் ஒருவர் அன்றைய பதிவுகளைப் பார்க்க வேணும்: 15 நிமிடத்துக்குள் முடிந்த நேர்காணல், ஒரே ஜிபிஎஸ் புள்ளியில் நாலு வீடு, எல்லாத்துக்கும் "தெரியாது". இதை 8 ஆம் நாள் பார்த்தால் திருத்த வழியில்லை. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் திரும்பப் போய் மாறாத ஐந்து விடயத்தை மட்டும் கேட்க வேணும்: குடும்ப அங்கத்தவர் தொகை, கூரை, கிணறு, ஆடு இருக்கா, யார் பதில் சொன்னது.

அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை, எடுக்காதேங்கோ. பெயரும் தொலைபேசியும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொரு கோப்பில், நடுவில் குடும்ப இலக்கம் மட்டும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் பெயரோடு கடன் விபரம் வட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது.

#9 பட்டினமும் சூழலும்

செலவைப் போட்டுப் பார்த்தேன். நாட்கூலியையும் வான் வாடகையையும் ஒரு மதிப்புக்கு வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்டறிந்து மாற்றுங்கள்.

40 நிமிட வினாக்கொத்து என்றால் ஒருவர் நாளுக்கு 7 வீடு. 5 பேர், 265 வீடு, 8 நாள். பயிற்சி 2 நாள், 15 வீட்டில் முன்னோட்டம் 1 நாள். ஆக 55 ஆள்நாள் × 3,500 = 192,500. வான் 9 நாள் × 9,000 = 81,000. ஆலோசகர் 14 நாள் × 18,000 = 252,000. அச்சு, டேட்டா, கிராமத்தில் முடிவைச் சொல்லும் கூட்டம் 30,000. கூட்டினால் 555,500. கையில் 44,500 மிஞ்சும்.

ஆலோசகரின் 14 நாள்: ஆரம்ப அறிக்கை 2, மாதிரியும் வினாக்கொத்தும் 3, பயிற்சியும் முன்னோட்டமும் 3, தரவுச் சரிபார்ப்பும் பகுப்பாய்வும் 3, எழுத்து 3. களமேற்பார்வை, அனுமதி, போக்குவரத்து, குழுக் கலந்துரையாடல் ஒழுங்கு எல்லாம் உங்கள் தலையில். 11 இலட்சத்துக்கும் 6 இலட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த வேலைகள்தான்.

வரியை மறக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல், நாட்டில் வதியும் தனிநபர் ஒருவருக்குச் சேவைக் கட்டணம் மாதத்துக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 5 வீதம் நிறுத்திவைத்துக் கட்ட வேண்டும். கட்டணம் வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கடைசிக் காசோலையில் பிணக்கு வரும்.

#10 சோளகம்

எண்ணிக்கையில் எனக்கு ஒரு மறுப்பு. 265 வீட்டைப் பார்த்தால் "இன்று நிலை என்ன" என்று தெரியும். மூன்று வருடத்துக்குப் பிறகு "உங்கள் திட்டத்தால் என்ன மாறியது" என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த மூன்று வருடத்தில் டீசல் விலை மாறும், கடலும் மாறும். அக்கா முதல் பதிவிலேயே வழியைச் சொல்லியிருக்கிறா: 360 குடும்பம் முதல் வருடம், 260 இரண்டாம் வருடம். பிந்தித் தொடங்குகிற கிராமங்களை ஒப்பீட்டுக்கு எடுக்கலாம். யாருக்கும் உதவியை மறுக்கவும் தேவையில்லை.

போதிய சாப்பாடு இருக்கிற குடும்பம் 30 வீதத்திலிருந்து 45 வீதமாகிற அளவு மாற்றத்தைக் கண்டுபிடிக்க, 80 வீத வலுவோடு (மாற்றம் உண்மையில் இருந்தால் பத்தில் எட்டுத் தடவை ஆய்வு அதைக் காட்டும்), ஒவ்வொரு பக்கத்திலும் 160 குடும்பம் வேணும். இரண்டும் 320, இழப்பைக் கூட்டினால் 356. ஒரு வருட முடிவில், இரண்டாம் தொகுதி தொடங்க முதல், அதே வீடுகளுக்குத் திரும்பப் போக வேணும்.

#11 பட்டினமும் சூழலும்

356 வீடு என்றால் 40 நிமிடக் கணக்கில் 11 நாள். 635,000 வரும், 35,000 துண்டுவிழும். அதைவிட, 3 கிராமத்தையும் 2 கிராமத்தையும் ஒப்பிடுகிறபோது ஒரு கிராமத்தில் இறங்குதுறை பழுதானாலே முடிவு சாய்ந்துவிடும். ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், அந்த 160 கணக்கு அதைப் பார்க்கவில்லை.

#12 சோளகம்

இரண்டாவது சரி. அதனால் "திட்டத்தால்தான்" என்று அறுதியாக எழுதக் கூடாது, கிராமத்துக்கு ஒரு நிகழ்வுக் கொப்பி வைத்து மாதம் மாதம் எழுத வேணும்: வெள்ளம், விலை வீழ்ச்சி, வேறு நிறுவனத்தின் உதவி, துறைமூடல். ஒப்பீடு இல்லாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காசுக்கு வழி வினாக்கொத்தில் இருக்கு. 40 நிமிடத்தை 30 ஆக்கினால் ஒருவர் 9 வீடு செய்வார். 5 பேர், 356 வீடு, அதே 8 நாள், அதே 555,500. காணி, அங்கத்தவர், கால்நடை எல்லாம் 620 பேரின் பதிவுப் படிவத்தில் ஏற்கனவே இருக்கிறபடியால் திரும்பக் கேட்கத் தேவையில்லை. குடும்ப இலக்கத்தால் இணைத்தால் சரி. முன்னோட்டத்தில் நேரத்தை அளந்து, முடிவில் எந்த அட்டவணைக்கும் போகாத கேள்விகளை வெட்டுங்கோ.

#13 பட்டினமும் சூழலும்

அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 9 வீடு என்பது வீடுகள் நெருங்கியிருக்கிற கரையோரக் கிராமத்துக்குச் சரி. வெருகல் உட்பக்கம் 7 தான் வரும், மிஞ்சின 44,500 ஐத் தொடாமல் வையுங்கள். ஒரு வருடத்தில் திரும்பப் போகிற செலவையும் இப்போதே டோனரிடம் எழுத்தில் கேளுங்கள்.

#14 மூதூர்ப் பாலம்

மாதத்தைப் பற்றி யாரும் சொல்லேல்லை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடைக் காசு கையில் இருக்கும், கூலி வேலையும் இருக்கும். கடல் பக்கமும் அப்படித்தான், வாடைக்காலம் (வடகீழ்ப் பருவக்காற்று) முடிஞ்சு அப்பதான் தொழில் சூடு பிடிக்கும். திரும்பப் போறதை நவம்பர், டிசம்பரில் வைத்தால் மழை, கடல் கொந்தளிப்பு, கருவாடு காயாது. திட்டம் எவ்வளவு நல்லாப் போனாலும் குடும்பங்கள் கீழே போனதாகத்தான் எண் காட்டும். அதே மாதம், அதே கிழமை ஒழுங்கில் போகணும்.

குழுக் கலந்துரையாடல் கிராமத்துக்கு 2, ஒவ்வொன்றிலும் 6 முதல் 8 பேர். சங்கத் தலைவி, செயலாளர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும், அந்த நாளையும் யாருடைய கணக்கில் என்று தீர்மானிங்க.

#15 கங்கைக்கரை

எல்லாருக்கும் மிக்க நன்றி. 620 பேரின் பதிவு எங்கள் தொண்டர்களால், 356 வீடு 30 நிமிட வினாக்கொத்தில், திரும்பும் ஆய்வு அடுத்த பெப்ரவரியில் என்று நிர்வாகக் குழுவுக்கு வைக்கிறேன். ஒன்று மட்டும்: தரவு ஆலோசகரிடம் இருந்தால் போதுமா, எங்களிடமும் இருக்க வேண்டுமா? ஆலோசகர் அறிக்கை மட்டும் தருவதாகச் சொல்கிறார்.

#16 உப்பாறு

உங்களிடம்தான் இருக்க வேணும், அக்கா. கோபோ கணக்கை அமைப்பின் மின்னஞ்சலில் திறந்து, ஆலோசகருக்குப் பார்க்கவும் திருத்தவும் அனுமதி கொடுங்கோ, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கோ. அவருடைய சொந்தக் கணக்கில் சேகரித்தால் அடுத்த பெப்ரவரியில் அதே வீடுகளைத் தேடிப் பிடிக்க அவரிடமே போக வேண்டி வரும். டீஓஆரில் கேட்க வேண்டியவை: மூலத் தரவு, துப்புரவாக்கிய தரவு, எதை ஏன் மாற்றினார் என்ற குறிப்பு, குறியீட்டு விளக்கம், பகுப்பாய்வுக் கோப்பு. கடைசி 40 வீதக் கொடுப்பனவு இவை ஐந்தும் வந்த பிறகு. குடும்ப இலக்கமும் பெயரும் உள்ள கோப்பைக் கடவுச்சொல் போட்டு, ஒரு பிரதி அலுவலக அலுமாரியில் பென்டிரைவில், கடவுச்சொல் பொருளாளரிடம்.

#17 சோளகம்

உங்களுக்கு வெளிநாட்டு அரசு அல்லது சர்வதேச நிறுவனத்தின் நிதி கணிசமாக இருந்தால், மக்களுக்குச் செய்கிற சேவை தொடர்பாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அறிக்கையை யாராவது கேட்கலாம். குடும்பங்களை அடையாளம் காட்டுகிற அட்டவணை எதுவும் அறிக்கைக்குள் இல்லாமல் பாருங்கோ. ஒரு கிராமத்தில் 5 பேருக்குக் குறைவாக வருகிற கட்டங்களைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ. டீஓஆர் வரைவு தயாரானதும் இதிலேயே போடுங்கோ, பார்த்துச் சொல்கிறோம்.